பம்புக்கு மட்டும்

மாவட்ட அலுவலர் வர இன்னும் நாற்பத்தேழு மணி நேரம் இருந்தது. செவ்வாய்க்கிழமை நண்பகல். வியாழன் காலை பதினொரு மணிக்கு ஆலங்கல்பட்டு தீயணைப்பு நிலையத்துக்கு அவர் நேரில் வருவதாகக் கடிதம் சொன்னது. அதற்குள் நிலைய அலுவலர் முத்துமாரி ஒரு பக்க அறிக்கை எழுதி வைக்க வேண்டும். ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில். ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று வீடுகள் எரிந்துகொண்டிருந்தபோது வண்டியின் பம்பு ஏன் தண்ணீர் இழுக்கவில்லை?

பதில் அவளுக்குத் தெரியும். அதனால்தான் எழுத வரவில்லை.

கணினியில் "மேற்படி நாளில்" என்று தட்டச்சு செய்தாள். பிறகு மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த சின்ன கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தாள். அதில் நேற்று பணிமனைக்காரர் பம்பைப் பிரித்தபோது அவள் சுரண்டி எடுத்த வெள்ளைப் பொருக்கு இருந்தது. நேற்று மாலை யாரும் இல்லாத நேரத்தில் அதன்மேல் எலுமிச்சைச் சாற்றை ஒரு சொட்டு விட்டாள். நுரைத்தது. சுண்ணாம்பு. வேதியியல் படித்தவளுக்கு அதற்குமேல் சோதனை தேவையில்லை.

அவளுக்கு வயது இருபத்தாறு. தேர்வு எழுதி, பயிற்சி முடித்து, நேரடியாக அலுவலராக இங்கே வந்து ஏழு மாதம் ஆகிறது. அவளுக்குக் கீழே பதினாறு ஆண்கள். அவர்களில் மூத்தவர் ஓட்டுநர் கோதண்டராமன். அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்த நிலையத்தின் வண்டியை ஓட்டுபவர்.

அவர் கதவைத் தட்டினார். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் தட்டுவார்.

"எழுதிட்டேன் மேடம்."

ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். நான்கு வரி. சனிக்கிழமை பணி முடிந்து நிலையம் திரும்பியதும் பம்பை நல்ல தண்ணீரால் கழுவ மறந்துவிட்டேன். அதனால் பம்பில் உப்பும் சுண்ணாம்பும் படிந்து மறுநாள் வேலை செய்யவில்லை. தவறு என்னுடையது. இப்படிக்கு.

"நீங்க மறக்கலண்ணா."

"மறந்தேன்னுதான் எழுதியிருக்கேன்."

"இன்னும் முப்பத்தெட்டு நாள்ல ரிட்டையர் ஆவப்போறீங்க."

"முப்பத்தேழரை. இன்னிக்குப் பாதி போய்டுச்சு இல்ல?"

சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இந்தத் தாள் மாவட்ட அலுவலரின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று இருவருக்கும் தெரியும். குற்றச்சாட்டுக் குறிப்பாணை வரும். விசாரணை முடியும்வரை ஓய்வுபெற விடமாட்டார்கள். அது ஒரு வருடமும் ஆகலாம், நாலு வருடமும் ஆகலாம். முப்பத்தொரு வருடம் ஒரு மெமோகூட வாங்காமல் வண்டி ஓட்டியவர், வீட்டுக்கும் வேலைக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு நிற்பார். ஊர், வீடு எரிய விட்டவன் என்று அவரைச் சொல்லும்.

"இது இருக்கட்டும். நான் பார்த்துட்டு சொல்றேன்" என்றாள்.

"பார்க்கறதுக்கு இன்னா இருக்கு மேடம் இதுல?"

அவர் போனார். போகும்போது கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார். அவள் வந்த முதல் வாரத்திலேயே கவனித்திருக்கிறாள். கதவைச் சாத்த வேண்டிய நேரம் எது, திறந்து வைக்க வேண்டிய நேரம் எது என்று அந்த நிலையத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

*

தனியாக இருக்கும்போது அவள் பழைய பதிவேடுகளைப் படிப்பாள். வந்த நாளிலிருந்தே பழக்கம். ஆண்கள் ஓய்வறையில் கேரம் ஆடுவார்கள். அவள் உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடும், எல்லோரும் எழுந்து நிற்பார்கள், காய் ஒன்று பலகையிலிருந்து உருண்டு விழும். அதனால் போவதை விட்டுவிட்டாள். இரும்பு அலமாரியில் நாற்பத்திரண்டு வருடத்துப் பதிவேடுகள் இருந்தன. அவை எழுந்து நிற்பதில்லை.

நிலையம் ஒரு வாடகைப் புளிக் கிடங்கில் தொடங்கியது. ஒரு ஜீப், அதன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் ஒரு பம்பு, பதினொரு ஆட்கள், நாற்பத்தாறு கிராமங்கள். முதல் அழைப்பு ஒரு வைக்கோற்போர். இரண்டாவது கிணற்றில் விழுந்த சினைப்பசு. உயிருடன் மீட்கப்பட்டது என்று எழுதி, பக்கத்தில் வேறொரு கையெழுத்தில் "கிடாரி ஈன்றது" என்று சேர்த்திருந்தார்கள். பிறகு பாம்பு, தேன்கூடு, தண்டவாளத்தோரப் புதர், தேர்ச்சக்கரத்தில் மாட்டிய கால். தோல் கிடங்குகள் எரிந்த பக்கங்கள் தனியாகத் தெரியும். அவை நீளமானவை. பாலாற்றில் வெள்ளம் வந்த வருடத்துப் பதிவேட்டின் ஓரம் ஈரத்தில் அலையலையாகச் சுருண்டிருந்தது.

அதே பதிவேடுகளில் தண்ணீரின் கதையும் இருந்தது. யாரும் கதை என்று நினைத்து எழுதியதில்லை. தொடக்க வருடங்களில் "நிலையக் கிணற்றில் ஒன்பது அடியில் நல்ல நீர்" என்று இருந்தது. ஆறு வருடம் கழித்து "நீர் சற்று உவர்ப்பு". பிறகு "நீர் பழுப்பு". பிறகு "பயன்படாது". சுற்றிலும் தோல் பதனிடும் இடங்கள் பெருகப் பெருக, உப்பும் சுண்ணாம்பும் மண்ணுக்குள் இறங்கி எல்லாக் கிணறுகளுக்கும் போய்ச் சேர்ந்தன. நிலையத்தின் முதல் பம்பை உள்ளிருந்தே உப்பு தின்றது. அப்போதிருந்த அலுவலர் சிவப்பு மையில் ஒரு விதி எழுதினார். உப்பு நீர் இழுத்த ஒவ்வொரு முறையும், திரும்பி வந்ததும் பம்பை நல்ல நீரால் பத்து நிமிடம் கழுவ வேண்டும். கழுவியதை எழுத வேண்டும்.

அன்று முதல் நிலையத்தின் பின்பக்கம் ஒரு நீல நிற டிரம் நிற்கிறது. இருநூறு லிட்டர். டிரம் மாறியிருக்கிறது, இடம் மாறவில்லை. அதில் லாரியில் வரும் காவேரித் தண்ணீரை நிரப்பி மூடி வைப்பார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாத கோடையிலும் அதைத் தொடமாட்டார்கள். வெள்ளை வண்ணத்தில் இரண்டே சொல் எழுதியிருக்கும்: பம்புக்கு மட்டும்.

பதிவேட்டில் ஒவ்வொரு அழைப்பின் கீழும் ஒரே வரி. பம்பு கழுவப்பட்டது. நீல மை, கறுப்பு மை, பால்பாயிண்ட், ஜெல் பேனா. முப்பத்தொரு வருடமாகப் பெரும்பாலும் ஒரே கையெழுத்து. பம்பு கழுவப்பட்டது, கோ.ரா. பம்பு கழுவப்பட்டது, கோ.ரா.

கடந்த சனிக்கிழமையின் கீழே அந்த வரி இல்லை. அவர் நினைத்திருந்தால் எழுதியிருக்கலாம். பொய்யாக ஒரு வரி எழுதுவது சுலபம். எழுதாமல் விட்டிருந்தார்.

*

"மேடம், நான் ஒண்ணு சொல்லட்டா?"

புதன் காலை ஷோயப் வந்து நின்றான். முன்னணி தீயணைப்பாளர். முப்பத்தைந்து வயது. வாணியம்பாடிக்காரன். அவன் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை.

"சொல்லுங்க."

"கோதண்டண்ணன் பம்பை மறந்தாருன்னு சொன்னா கல்லறையில இருக்கறவன்கூட எழுந்து சிரிப்பான். அவரு கல்யாண நாளை மறந்திருக்காரு. ஒருவாட்டி பொண்டாட்டிய ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுலயே மறந்து விட்டுட்டு வந்திருக்காரு. பம்பை மறக்கல. அப்புறம் டிரம் காலியா கெடந்துது மேடம். சனிக்கிழமை சாயங்காலம் நானே பார்த்தேன். மறந்திருந்தா தண்ணி இருந்திருக்கணும் இல்ல? தண்ணி இன்னா ஆச்சு?"

முத்துமாரி பேனாவின் மூடியைத் திறந்தாள். மூடினாள்.

"பின்பக்கச் சுவரு இடிஞ்சிருக்கு பாருங்க. அது வழியா எவனோ வந்து எட்த்துனு போயிருக்கான். இருநூறு லிட்டரு! எருமையக் குளிப்பாட்டியிருப்பான், வேற இன்னாத்துக்கு ஆவும்? அந்த எருமை மட்டும் என் கையில மாட்டுச்சுன்னா..."

"போதும் ஷோயப்."

குரல் கூர்மையாக வந்தது. அவன் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தான். அவளுடைய முகம் சிவந்திருந்ததைப் பார்த்து, தான் வரம்பு மீறிப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டான்.

"சாரி மேடம். மெக்கானிக்கல் ஃபெயிலியர்னு போட்டுடுங்க. யாருக்கும் தொல்லை இல்ல."

"பணிமனை ரிப்போர்ட் வந்துடுச்சு. பம்பு கழுவாததுதான் காரணம்னு தெளிவா எழுதியிருக்காங்க."

"அப்ப எருமைதான்" என்று தனக்குள் முனகிக்கொண்டு போனான்.

சனிக்கிழமையை அவள் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. காலை பதினொன்றரைக்கு அழைப்பு. ஊருக்கு வெளியே ஒரு தோல் கழிவுக் குவியல், வீடு உயரம். மேலே தண்ணீர் விட்டால் அடியில் எரியும். அடியைக் கிளறினால் மேலே புகையும். வண்டியில் கொண்டுபோன தண்ணீர் ஆறே நிமிடம்தான். பிறகு பக்கத்திலிருந்த பழைய சுண்ணாம்புத் தொட்டியில் குழாயைப் போட்டு இழுத்தார்கள். வேறு தண்ணீர் இல்லை. ஐந்து மணி நேரம். ஆண்கள் முள்மரங்களுக்குப் பின்னால் போய்விட்டு வந்தார்கள். அவள் குவியலின் முன்னாலேயே நின்றாள். வெட்டவெளி. ஒரு சுவர்கூட இல்லை. திரும்பும்போது வழக்கம்போல முன்னிருக்கையில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. நிலையத்தில் இறங்கியதும் நேராகப் பின்பக்கம் போனாள்.

அதற்குப் பிறகு நடந்ததை அவள் தன் மனசுக்குள்கூட முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்ததில்லை.

*

பதினொரு மணி வாக்கில் சுகரா பேகம் வந்தார். எரிந்த மூன்று வீடுகளில் நடுவீடு அவருடையது. புர்காவின் விளிம்பில் இன்னும் கரி இருந்தது. வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து, செருப்புக் கம்பெனிக்கு மேல்தோல் தைத்துக் கொடுப்பவர். தீ விபத்துச் சான்றுக்காகத் திங்களிலிருந்து தினமும் வருகிறார்.

"பேட்டி, காயிதம் ரெடியா?" மகளைக் கூப்பிடும் அந்த உருதுச் சொல்லால்தான் அவளை எப்போதும் கூப்பிடுவார்.

"நாளைக்கு சார் வந்துட்டுப் போனதும் கிடைச்சுடும்மா."

"ஜல்தியா குடுத்துடு. கம்பெனிக்காரன் அறுபது ஜோடி அப்பர் குடுத்திருந்தான். எரிஞ்சிபோச்சுன்னு காயிதம் காட்டலன்னா நான் வித்து தின்னுட்டேன்னு சொல்லுவான். இருவது வருஷமா தெச்சிக் குடுக்கறேன், ஆனாலும் சொல்லுவான்."

உட்காரச் சொன்னாள். உட்கார்ந்தார். மேசைமேல் இருந்த கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தார். அது என்ன என்று கேட்கவில்லை.

"நான் எதுத்த வீட்டு வாசல்ல நின்னு பாத்துக்குனே இருந்தேன். தண்ணி நல்லாத்தான் வந்துச்சு. முன் ரூமு அணைஞ்சிடுச்சு. சரி, மிஷினு பொழச்சுதுன்னு நெனச்சேன். அப்புறம் வண்டியில இருந்த தண்ணி தீந்துடுச்சாம், திடீர்னு அந்தப் பைப்பு செத்த பாம்பு மாதிரி படுத்துக்குச்சு. உங்க ஆளுங்க கெணத்தாண்ட ஓடுறாங்க, வண்டியாண்ட ஓடுறாங்க. ஒண்ணும் வரல. ஆம்பூரு வண்டி வர்றதுக்குள்ள பின் ரூமு போச்சு."

"இருபத்திரண்டு நிமிஷம்" என்றாள் முத்துமாரி. சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வந்துவிட்டது.

"எண்ணிக்குனு இருந்தியா?"

"பதிவேட்டுல எழுதணும்மா."

சுகரா பேகம் குரலைத் தாழ்த்தினார். "அந்த டிரைவருதான் காரணம்னு டீக்கடையில பேசுறாங்க. குடிச்சிட்டு வண்டி எட்த்துனு வந்தானாமே?"

"அவர் குடிக்க மாட்டாரு."

"அது உனக்குத் தெரியும். எனக்கு இன்னா தெரியும்? நேத்து அவரு பொண்டாட்டி ரேஷன் கடைக்கு வந்துச்சு. ஒருத்தரும் வாய் தொறந்து பேசல. அதுவும் பையத் தூக்கிக்குனு போய்டுச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. வீடு எரிஞ்சது என்னுது, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சுன்னா பாத்துக்கோ." எழுந்தார். "நீ ஏன் இவ்ளோ பேஜாரா இருக்கே? துன்னியா இல்லியா?"

"சாப்பிட்டேம்மா."

"பொய்யி" என்றார் சுகரா பேகம். கோபமில்லாமல்தான் சொன்னார். படியிறங்கிப் போனார்.

*

மதியம் வண்டிச் சோதனை. பணிமனையிலிருந்து பம்பு சரியாகி வந்திருந்தது. அலுவலர் ஏறிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். முன்கதவைத் திறந்து ஏறினாள். சனிக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் நிதானமாக அந்த இருக்கையைப் பார்க்கிறாள். ஞாயிறு காலை அழைப்பு மணி அடித்தபோது ஓடிவந்து ஏறினாள், எதையும் பார்க்கவில்லை.

இருக்கையின்மேல் ஒரு காவித் துண்டு, நான்காக மடித்து விரித்திருந்தது. கோதண்டராமனின் துண்டு. தோளில் அது இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் நான்கு நாளாகத் தோள் வெறுமையாக இருந்தது. அதையும் அவள் கவனிக்கவில்லை.

துண்டைத் தூக்கிப் பார்த்தாள். ரெக்ஸின் உறை பளிச்சென்று இருந்தது. பெட்ரோல் வாசனை லேசாக வந்தது. வண்டிக்குள் வேறு எல்லா இடத்திலும் சாம்பலும் சுண்ணாம்பும் அப்பிக் கிடந்தன. அந்த ஓர் இருக்கையை மட்டும் யாரோ உட்கார்ந்து நிதானமாகத் துடைத்திருந்தார்கள்.

துண்டைப் பழையபடியே மடித்து வைத்தாள். சோதனைத் தாளில் கையெழுத்து வேறு யாருடையதோ போல விழுந்தது.

அவருக்குத் தெரியும். சனிக்கிழமை மாலையே தெரியும். குழாயை எடுத்துக்கொண்டு பம்பைக் கழுவப் பின்பக்கம் வந்திருப்பார். டிரம் காலி. சிமெண்டுத் தரையில் டிரம்மிலிருந்து குளியலறைக் கதவுவரை வாளி வைத்த வட்டங்கள் ஈரமாக இருந்திருக்கும். எத்தனை வட்டம் என்றுகூட எண்ணியிருக்கலாம். திரும்பிப் போயிருப்பார். மறுநாள் பத்து மணிக்குத் தண்ணீர் லாரி வரும், வந்ததும் கழுவிவிடலாம் என்று கணக்குப் போட்டிருப்பார். ஒன்பது இருபதுக்கு அழைப்பு வந்தது.

வண்டியிலிருந்து இறங்கி அவரைத் தேடினாள். அவர் நிழலில் உட்கார்ந்து குழாய் இணைப்புகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணா."

"மேடம்." எழுந்தார்.

"உக்காருங்க." அவர் உட்காரவில்லை. "நீங்க குடுத்த அந்தப் பேப்பர..."

"அதக் குடுத்துடுங்க மேடம். நாளைக்கு அரை மணியில முடிஞ்சிடும். சாரு ரெண்டு சத்தம் போடுவாரு, டீ குடிப்பாரு, போய்டுவாரு."

"அப்புறம் உங்க ரிட்டையர்மென்ட்?"

"அது எங்க ஓடிப்போவுது? இவ்ளோ வருஷம் ஓட்டுனேன். இன்னும் கொஞ்ச நாளு சும்மா உக்காந்துக்கறேன்." எண்ணெய்த் துணியைக் கையில் சுருட்டினார். அவளைப் பார்க்காமல், குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு ரெண்டு பொண்ணுங்க மேடம். பெரியவ உங்க வயசு."

அவ்வளவுதான். அவர் மீண்டும் குனிந்து எண்ணெய் போடத் தொடங்கினார். அவள் நின்றாள். பின்பு அலுவலகத்துக்குத் திரும்பினாள். இருபது அடி தூரம். அன்று அது நீளமாக இருந்தது.

மாலையில் ஆம்பூரில் தன் வாடகை அறைக்குப் போனதும் விரிஞ்சிபுரத்திலிருந்து அம்மா அழைத்தாள்.

"பேப்பர்ல போட்டிருக்காமே, வண்டியில தண்ணி வரலன்னு. ஒன்மேல ஒண்ணும் வராதில்ல?"

"வராதும்மா."

"யாரோ டிரைவராமே?"

"ம்."

"பொம்பள ஆபீசரு இருக்கற எடத்துல இப்டி ஆனா, பொம்பளையாலதான்னு சொல்லிடுவாங்க. நல்லவேள டிரைவருன்னு வந்துது."

முத்துமாரி போனைக் காதிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்தாள். அம்மா சொன்னதுதான் அவளுடைய பயமும். ஏழு மாதமாக அந்தப் பயத்தோடுதான் நிலையத்தின் படியேறுகிறாள். ஏணி ஏறும்போது, ஆண்களுக்குமுன் கயிறு இறங்கும்போது, பாம்பின் வாலைப் பிடிக்கும்போது எல்லாம், ஒருமுறை தவறினால் அது தன் தவறாக இருக்காது, பெண்ணின் தவறாகிவிடும் என்று நினைத்துக்கொள்வாள். அதனால்தான் பெண்களுக்குத் தனிக் குளியலறை கேட்டு ஒரு கடிதம்கூட எழுதவில்லை. நாற்பத்திரண்டு வருடப் பதிவேட்டில் அப்படியொரு தேவை எங்கேயும் எழுதப்பட்டிருக்கவில்லை. முதலில் எழுதுகிறவள் தானாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

"கேக்குதா?" என்றாள் அம்மா.

"கேக்குதும்மா. தூக்கம் வருது."

தூக்கம் வரவில்லை. ஆறரை மணிதான் ஆகியிருந்தது. வெளியே செருப்புக் கம்பெனிப் பேருந்துகள் பெண்களை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தன. அவர்கள் இருவர் இருவராக, மூவர் மூவராகப் பேசிக்கொண்டே போனார்கள். ஒருத்தி எதற்கோ குனிந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜன்னலில் நின்று அவர்கள் தெரு திரும்பும்வரை பார்த்தாள்.

*

வியாழன் பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் முன்பே மாவட்ட அலுவலர் வந்துவிட்டார். பெரிய உருவம், தாழ்ந்த குரல். எழுத்தர் ஒருவர் மடிக்கணினியோடு கூட வந்தார். முத்துமாரியின் நாற்காலியில் மாவட்ட அலுவலர் உட்கார்ந்தார். கோதண்டராமன் மேசைக்கு முன்னால் நின்றார். ஷோயப் சாட்சியாகச் சுவரோரம். முத்துமாரி ஜன்னலோரம். ஜன்னல் வழியாக வண்டியின் முன்கதவும், உள்ளே காவி நிறத்தில் ஒரு விளிம்பும் தெரிந்தன.

மேசைமேல் அவளுடைய அறிக்கை இருந்தது. தீ எத்தனை மணிக்கு, தண்ணீர் எத்தனை நிமிடம், ஆம்பூர் வண்டி எப்போது வந்தது, எல்லாம் இருந்தன. காரணம் என்ற தலைப்பின் கீழே மட்டும் வெறுமை. அதன்மேல் கோதண்டராமனின் தாள். அவள் அதை வைக்கவில்லை. காலையில் அவரே புதிதாக இன்னொன்று எழுதிவந்து வைத்திருந்தார்.

"மறந்துட்டேன்னு எழுதியிருக்கீங்க" என்றார் மாவட்ட அலுவலர்.

"ஆமா சார்."

"முப்பத்தொரு வருஷம் மறக்காத ஆளு."

"வயசாயிடுச்சு சார்."

"ஷோயப், டிரம் பத்தி நீங்க சொன்னது என்ன?"

ஷோயப் தரையைப் பார்த்தான். "சனிக்கிழமை சாயங்காலம் காலியா இருந்துது சார். யாரோ சுவரு வழியா..."

"கழுவ மறந்திருந்தா டிரம்ல தண்ணி இருக்கணுமே. தண்ணி எங்க கோதண்டராமன்?"

கோதண்டராமன் தொண்டையைச் செருமினார். "வண்டி ரொம்ப அசிங்கமா இருந்துது சார். சுண்ணாம்பு. அந்தத் தண்ணிய ஊத்தி வண்டியக் கழுவிட்டேன்."

"பம்புக்கு வெச்ச தண்ணியில?"

"ஆமா சார்."

"வெளியில வண்டி பளபளன்னு இருக்கணும், உள்ள பம்பு நாசமாப் போகட்டும். அப்படித்தானே?" தாழ்ந்த குரல் இன்னும் தாழ்ந்தது. "மறதின்னா மன்னிக்கலாம்யா. இது திமிர். மூணு வீடு போயிருக்கு. அந்தம்மா தையல் மிஷினு போயிருக்கு. ரிட்டையர் ஆகற நேரத்துல இப்படியா?" எழுத்தரைப் பார்த்தார். "எழுதுங்க. பம்பைக் கழுவ ஒதுக்கிய நீரை வேண்டுமென்றே..."

எழுத்தர் தட்டத் தொடங்கினார். கோதண்டராமன் நேராக நின்றார். தோளில் துண்டு இல்லாமல் அவர் வேறு யாரோ போல, சட்டென்று வயதானவர் போல இருந்தார். வலது கை பழக்கத்தில் தோளுக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லாததால் கீழே இறங்கியது.

"அவர் வண்டி கழுவல சார்" என்றாள் முத்துமாரி.

எல்லோரும் திரும்பினார்கள். எழுத்தரின் விரல்கள் நின்றன.

"மேடம்" என்றார் கோதண்டராமன். கெஞ்சுவதுபோல இருந்தது. "வேணாம் மேடம்."

"வண்டி இன்னும் கழுவாமதான் நிக்குது சார். போய்ப் பார்க்கலாம். டிரம் தண்ணிய நான்தான் எடுத்தேன். பம்புக்குன்னு எழுதியிருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன். அன்னிக்கு பாத்ரூம் மோட்டார் ஓடாம நாலு நாள் ஆகியிருந்தது. வேற தண்ணி இல்ல. முழு டிரம்மும் நான்தான் செலவு பண்ணேன்."

ஷோயப் தலையைத் தூக்கினான். எருமை என்று தான் சொன்னது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். வாய் பாதி திறந்து அப்படியே நின்றது.

"இருநூறு லிட்டரும் நீங்களா?" என்றார் மாவட்ட அலுவலர். "எதுக்கும்மா?"

அவள் ஜன்னலை விட்டு நகர்ந்து மேசைக்கு முன்னால் வந்தாள். கோதண்டராமனுக்குப் பக்கத்தில் நின்றாள். வண்டியில் உட்காருவதுபோல அவருக்கு இடப்பக்கம். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அறையில் நான்கு ஆண்கள். மின்விசிறி சுற்றியது. ஏழு மாதமாக அந்தக் கட்டடத்துக்குள் அவள் பேசியதெல்லாம் தாழ்ந்த குரலில்தான். இப்போது சுவரோரம் நிற்பவனுக்கும் கேட்கும்படி பேசினாள்.

"குளிக்கறதுக்கும், யூனிஃபார்ம் துவைக்கறதுக்கும் சார். அன்னிக்கு எனக்குப் பீரியட்ஸ்."